செடிக்குள் புகுத்திய பாக்டீரியா நொதி: நாஹ்-ஜி செடிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

எந்த நிகழ்வு

செடிகளின் நோய் எதிர்ப்பில் சாலிசிலிக் அமிலத்துக்குப் பங்கு உண்டு என்று இன்று கல்லூரிப் பாடத்திலேயே வந்துவிட்டது. அதை நிரூபிக்க உதவிய முக்கியக் கருவி, நாஹ்-ஜி என்ற பாக்டீரியா மரபணுவைச் சுமந்த செடி. 1993 இல் அறிமுகமான அந்தச் செடியை அடுத்த பத்து ஆண்டுகள் பல ஆய்வகங்கள் நம்பி எடுத்தாண்டன. 2003 இல் அதன் ஒரு பக்கம் ஆட்டம் கண்டது. ஆட்டம் கண்டது எது, அசையாமல் நின்றது எது என்பதைப் பிரித்துச் சொல்வதே இந்தக் குறிப்பின் வேலை. சம்பந்தப்பட்ட ஆய்வாளர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அவர்கள் எடுத்த முடிவுகளும் அதற்கான காரணங்களும்தான் நமக்கு வேண்டியவை.

பின்னணி

1979 இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஒருவர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலை ஊசியால் ஏற்றினார். அப்புறம் அதே இலையில் புகையிலைத் தேமல் வைரஸைத் தேய்த்தபோது, வழக்கமாக விழும் புண்கள் வெகுவாகக் குறைந்தன. ஆஸ்பிரின் என்பது அசிடைல் சாலிசிலிக் அமிலம். சாலிசிலிக் அமிலத்தை நேரடியாகக் கொடுத்தாலும் அதே பலன் கிடைத்தது. ஆனால் இது வெளியிலிருந்து நாம் கொடுத்த மருந்து. செடி தானாக இதை எதிர்ப்புக்குப் பயன்படுத்துகிறதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

அதற்கு 11 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1990 இல் ஒரே அறிவியல் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று புகையிலையைப் பற்றியது: எதிர்ப்புத்திறன் உள்ள ரகத்தில் வைரஸ் ஏறிய இலையில் சாலிசிலிக் அமிலம் குறைந்தது 20 மடங்கும், வைரஸே தொடாத மற்ற இலைகளில் 5 மடங்கும் கூடியிருந்தது. எதிர்ப்பு இல்லாத ரகத்தில் இந்த ஏற்றம் இல்லை. மற்றது வெள்ளரியைப் பற்றியது: கீழ் இலையில் நோய் ஏற்றினால் செடியின் உணவுக்குழாய்ச் சாற்றில் சாலிசிலிக் அமிலம் கூடுகிறது என்றது.

ஓர் இலையில் நோய் வந்தால், மீதி இலைகள் அடுத்த தாக்குதலுக்குத் தயாராகிவிடும். இதை ஊடுபரவிய எதிர்ப்பு என்போம். அந்தச் சேதியை ஊர் முழுக்கக் கொண்டுபோகும் தூதர் சாலிசிலிக் அமிலமே என்ற எண்ணம் 1990 கட்டுரைகளால் வலுத்தது. ஆனால் கூடவே ஏறுகிறது என்பதால் அதுதான் காரணம் என்று ஆகிவிடாதே. 1991 இல் வெள்ளரியில் நடந்த ஒரு சோதனை உடனே சந்தேகத்தைக் கிளப்பியது. பாக்டீரியா ஏற்றிய இலை 4 மணி நேரம் செடியில் இருந்தாலே போதும், அதன்பின் அதை வெட்டி எறிந்தாலும் மேல் இலைகளில் சாலிசிலிக் அமிலம் கூடியது. அந்த இலையின் காம்பிலிருந்து வடிந்த சாற்றில் சாலிசிலிக் அமிலம் தென்பட்டதோ 8 மணி நேரத்துக்குப் பிறகு. அதாவது தூதர் கிளம்பும் முன்பே சேதி போய்ச் சேர்ந்திருக்கிறது.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

இந்த நிலையில் சிபா-கெய்கி நிறுவனத்தின் வட கரோலினா ஆய்வுக்குழு ஒரு முடிவு எடுத்தது: சாலிசிலிக் அமிலமே சேராத செடியை உருவாக்கி, எதிர்ப்பு வருகிறதா என்று பார்ப்பது.

நேரான வழி, அந்த அமிலத்தைத் தயாரிக்கும் நொதியின் மரபணுவை முடக்குவது. ஆனால் அது எந்த நொதி என்று அப்போது யாருக்கும் தெரியாது. உற்பத்தியை நிறுத்த முடியாவிட்டால், உற்பத்தியாவதை உடனுக்குடன் அழித்துவிடலாம் அல்லவா? அதற்கு ஒரு நொதி பாக்டீரியாவில் தயாராக இருந்தது.

சூடோமோனாஸ் புட்டிடா என்ற மண் பாக்டீரியா நாஃப்தலீனைத் தின்று வாழும். நம் அலமாரியில் போடும் அந்துருண்டை அதே நாஃப்தலீன்தான். அதைப் படிப்படியாகச் சிதைக்கும் வழியில் நடுவே சாலிசிலிக் அமிலம் உருவாகிறது. அடுத்த படியை நடத்துவது சாலிசிலேட் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி. அதற்கான மரபணுவே நாஹ்-ஜி. இந்த நொதி வளிமண்டல ஆக்சிஜனையும், செல்லில் உள்ள என்ஏடிஎச் என்ற துணைப் பொருளையும் எடுத்துக்கொண்டு, சாலிசிலிக் அமிலத்தின் வளையத்தில் ஒட்டியிருக்கும் கார்பாக்சில் தொகுதியைக் கார்பன் டை ஆக்சைடாகக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கும். மிஞ்சுவது கேட்டகால் என்ற சேர்மம்.

கேட்டகால் எதிர்ப்பைத் தூண்டுவதில்லை. ஆகவே, சாலிசிலிக் அமிலத்தைக் கேட்டகாலாக மாற்றுவது என்றால் அதை இல்லாமல் ஆக்குவது என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் இது நியாயமான முடிவுதான். வேறு வழியும் இல்லை. மரபணுவை எல்லாத் திசுவிலும் எந்நேரமும் இயங்கும்படி அமைத்துப் புகையிலைக்குள் செலுத்தினார்கள்.

இலையில் கண்டது

சோதனை செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன், முடிவு அதில்தான் தெரியும். ஸாந்தி-என்சி என்ற புகையிலை ரகத்தில் தேமல் வைரஸை அடையாளம் காணும் 'என்' (N) என்ற மரபணு உண்டு. கார்போரண்டம் தூளை இலைமேல் தூவி, வைரஸ் கரைசலை மெதுவாகத் தேய்ப்பார்கள். தூளின் உரசலில் நுண்ணிய கீறல்கள் விழும். வைரஸ் அதன் வழியே நுழையும். ஓரிரு நாளில் நுழைந்த இடமெல்லாம் பழுப்புப் பொட்டுகள் தெரியும். செடி அந்த இடத்துச் செல்களைச் சாகவிட்டு வைரஸை முடக்கிய அடையாளம் அது. இதைக் குளிர்ந்த அறையில் செய்ய வேண்டும். 28 டிகிரி செல்சியஸுக்கு மேல் 'என்' மரபணுவின் எதிர்ப்பு வேலை செய்யாது, வைரஸ் செடி முழுக்கப் பரவிவிடும். கீழ் இலைகளில் முதல் தேய்ப்பு, சுமார் ஒரு வாரம் விட்டு மேல் இலையில் இரண்டாம் தேய்ப்பு. ஊடுபரவிய எதிர்ப்பு வந்திருந்தால் மேல் இலையில் பொட்டுகள் சிறிதாக, குறைவாக இருக்கும். அளவுகோலை வைத்துப் பொட்டின் விட்டத்தை அளந்தால் போதும்.

1993 இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. நாஹ்-ஜி நொதி நன்றாக வெளிப்பட்ட செடிகளில் சாலிசிலிக் அமிலம் சேரவில்லை. மேல் இலைப் பொட்டுகள், முன்பு நோயே பார்க்காத செடியின் பொட்டுகளைப் போலவே பெரிதாக இருந்தன. எதிர்ப்பு வரவில்லை. அடுத்த ஆண்டு வந்த கட்டுரை, ஆய்வகங்களில் மாதிரிச் செடியாக வளர்க்கப்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியையும் சேர்த்துக்கொண்டு, நாஹ்-ஜி செடிகள் வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை போன்ற கிருமிகள் என்று எல்லாவற்றுக்கும் எளிதாக இடங்கொடுக்கின்றன என்றது.

கேட்டகால் கெடுதல் செய்கிறதா என்ற சந்தேகத்துக்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். டைகுளோரோ ஐசோநிகோடினிக் அமிலம் என்ற செயற்கைச் சேர்மம் சாலிசிலிக் அமிலத்தைப் போலவே எதிர்ப்பைத் தூண்டும். ஆனால் நாஹ்-ஜி நொதியால் அதைச் சிதைக்க முடியாது. அதைத் தெளித்தபோது நாஹ்-ஜி செடிகளில் எதிர்ப்பு திரும்பி வந்தது. எதிர்ப்பு இயந்திரம் பழுதாகவில்லை, தூண்டும் பொருள் மட்டும்தான் இல்லை என்பது இதன் பொருள். நல்ல சோதனை. ஆனால் அது பதில் சொன்னது ஊடுபரவிய எதிர்ப்பு என்ற ஒரு கேள்விக்கு மட்டும். மற்ற எல்லா எதிர்ப்புகளுக்கும் அதே பதிலை நீட்டிக்கொண்டது பின்னால் வந்தவர்களின் வேலை.

ஒட்டுக்கட்டிப் பார்த்தது

இந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1994 இல் வந்த ஒட்டுக்கட்டல். நாஹ்-ஜி வேர்ச்செடியின் மேல் சாதாரணப் புகையிலையை ஒட்டினார்கள். இன்னொரு தொகுதியில் மாற்றி ஒட்டினார்கள். கீழே வைரஸைத் தேய்த்து, மேலே எதிர்ப்பு வருகிறதா என்று பார்த்தார்கள்.

கீழே நாஹ்-ஜி, மேலே சாதாரணம்: எதிர்ப்பு வந்தது. கீழ் இலையில் சாலிசிலிக் அமிலம் சேராவிட்டாலும் சேதி மேலே போயிருக்கிறது. கீழே சாதாரணம், மேலே நாஹ்-ஜி: எதிர்ப்பு வரவில்லை. ஆக, தூரம் கடந்து போகும் தூதர் சாலிசிலிக் அமிலம் இல்லை. ஆனால் சேதி வந்து சேரும் இலையில் அது இருந்தே ஆக வேண்டும்.

அடுத்த ஆண்டே இதற்கு எதிரான சான்று ஒன்றும் வந்தது. கன ஆக்சிஜனை (சற்றே எடை கூடிய ஆக்சிஜன் அணு) கொண்டு அடையாளமிட்டுப் பார்த்ததில், புகையிலையின் நோய் தொடாத இலையில் சேர்ந்த சாலிசிலிக் அமிலத்தில் பெரும்பங்கு நோய்ப்பட்ட இலையிலிருந்தே வந்திருந்தது. இரண்டு முடிவும் சரியாகவே இருக்கலாம்: அமிலமும் பயணிக்கிறது, ஆனால் அதன் பயணத்தை நம்பி எதிர்ப்பு காத்திருக்கவில்லை.

கருவி பழகிப்போன காலம்

அதன்பின் நாஹ்-ஜி ஒரு தராசாகிவிட்டது. எந்த எதிர்ப்பு வினையைக் கண்டாலும் அதை நாஹ்-ஜி செடியில் போட்டுப் பார்ப்பார்கள். அங்கே காணாமல் போனால் 'சாலிசிலிக் அமிலம் சார்ந்தது', நீடித்தால் 'சாராதது'. ஓர் உதாரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதை இங்கேயே மறுபடி வந்து சேரும்.

1993 இலேயே இன்னொரு குழு, சாலிசிலிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் புகையிலைப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்து, அது கேட்டலேஸ் நொதி என்று அறிவித்திருந்தது. கேட்டலேஸின் வேலை ஹைட்ரஜன் பெராக்சைடை உடைப்பது. சாலிசிலிக் அமிலம் அதைத் தடுத்தால் பெராக்சைடு கூடும், அந்தப் பெராக்சைடுதான் எதிர்ப்பு மரபணுக்களை எழுப்புகிறது என்பது அவர்கள் கருத்து. 1995 இல் இதைச் சோதித்தவர்கள் நாஹ்-ஜி செடியையே எடுத்தார்கள். சாதாரணச் செடியில் பெராக்சைடு எதிர்ப்பு மரபணுவை எழுப்பியது. நாஹ்-ஜி செடியில் எழுப்பவில்லை. ஆகவே பெராக்சைடு சாலிசிலிக் அமிலத்துக்கு முந்திய படி, பிந்திய படி இல்லை என்று முடிவானது. அந்த முடிவு இன்றும் நிற்கிறது. ஆனால் நாஹ்-ஜி செடியின் பெராக்சைடுக் கணக்கே வேறாக இருக்கலாம் என்று அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் முரண்

1999 இல் சுவிட்சர்லாந்தில் இரண்டு பேர் வேறொரு வழியில் போனார்கள். அரபிடாப்சிஸ் சடுதிமாற்றச் செடிகளுக்கு நோய் ஏற்றி, ஒவ்வொன்றிலும் சாலிசிலிக் அமிலத்தை நேரடியாகவே அளந்தார்கள். சலிப்பான வேலை. ஆனால் அமிலம் சேராத செடிகள் கிடைத்தன. அதில் ஒன்றுக்கு சிட்-2 என்று பெயர். 2001 இல் சிட்-2 மரபணு எதுவென்று தெரிந்தது: சாலிசிலிக் அமிலத் தயாரிப்பின் ஒரு படியாக, பசுங்கணிகத்தில் கோரிஸ்மேட் என்ற சேர்மத்தை ஐசோகோரிஸ்மேட்டாக மாற்றும் நொதிக்கானது. 1993 இல் யாருக்கும் தெரியாதிருந்த அந்த உற்பத்தி நொதி ஒருவழியாகக் கிடைத்துவிட்டது.

இப்போது ஒப்பிடலாம். சிட்-2 அமிலத்தைத் தயாரிக்காத செடி. நாஹ்-ஜி தயாரித்து அழிக்கும் செடி. இரண்டிலும் அமிலம் சொற்பம். இரண்டும் ஒன்றுபோல நடக்க வேண்டும். நடக்கவில்லை. பிஆர்-1 என்ற எதிர்ப்பு மரபணு இரண்டிலும் அடங்கியிருந்தது, சரி. ஆனால் பிஆர்-2, பிஆர்-5 இரண்டும் சிட்-2 செடியில் கிட்டத்தட்ட வழக்கம்போல இயங்கின. அரபிடாப்சிஸ் தயாரிக்கும் கமலெக்சின் என்ற கிருமிக்கொல்லிச் சேர்மமும் அப்படித்தான்: நாஹ்-ஜியில் குறைவு, சிட்-2 இல் பெரிய பாதிப்பில்லை. அமிலம் இல்லாததுதான் காரணம் என்றால் இந்த வேறுபாடு வரக் கூடாது.

2003: பீன்ஸ் பாக்டீரியாவை வைத்துப் பார்த்தது

பீன்ஸில் ஒளிவட்டக் கருகல் நோயை உண்டாக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா ஒன்று உண்டு. அரபிடாப்சிஸில் அது வளராது. ஒரு கிருமி தனக்குப் பழக்கமில்லாத செடியில் தோற்றுப்போவதை விருந்தோம்பாச் செடி எதிர்ப்பு என்பார்கள். நாஹ்-ஜி அரபிடாப்சிஸில் மட்டும் இந்தப் பாக்டீரியா நன்றாகவே வளர்ந்தது. பழைய தராசின்படி, இந்த எதிர்ப்பும் சாலிசிலிக் அமிலம் சார்ந்தது என்று எழுதி முடித்திருக்கலாம்.

2003 இல் இதைச் சோதித்த குழு அங்கே நிற்காமல் சிட்-2 செடியிலும் ஏற்றிப் பார்த்தது. பாக்டீரியா வளரவில்லை. அமிலம் இல்லாமலேயே எதிர்ப்பு இருக்கிறது. அப்படியானால் நாஹ்-ஜி செடியின் பலவீனத்துக்குக் காரணம் அமிலம் இல்லாமை அல்ல. அமிலம் போய் என்ன ஆனதோ அது. சாதாரணச் செடிக்குக் கேட்டகாலைக் கொடுத்தார்கள், எதிர்ப்பு குலைந்தது. நாஹ்-ஜி செடிக்குக் கேட்டலேஸ் கொடுத்தார்கள், எதிர்ப்பு ஓரளவு மீண்டது.

இரண்டையும் சேர்த்தால் வேதியியல் விளங்கும். கேட்டகால் காற்றுப் பட்டாலே ஆக்சிஜனேற்றம் அடையும்; குவினோனாக மாறும்போது ஹைட்ரஜன் பெராக்சைடைக் கக்கும். கத்தரிக்காயை அரிந்து வைத்தால் கறுத்துப்போவது இதே இனத்து வினைதான். இலைக்குள் இது தொடர்ந்து நடந்தால் தவறான இடத்தில், தவறான நேரத்தில் பெராக்சைடு சேரும். கேட்டலேஸ் பெராக்சைடை உடைத்ததால்தான் எதிர்ப்பு மீண்டது என்பது குழுவின் விளக்கம். ஓரளவே மீண்டது என்பதையும் மறக்கக் கூடாது. பெராக்சைடு மொத்தக் கதையும் இல்லை.

அதே ஆண்டு வேறொரு குழுவும், சாலிசிலிக் அமில உற்பத்தியோடு தொடர்பில்லாத வழிகளிலும் நாஹ்-ஜி எதிர்ப்பை மாற்றுகிறது என்று மரபியல் சான்றோடு சொன்னது. இரண்டு இடத்திலிருந்து ஒரே சேதி வந்தபின் தட்டிக்கழிக்க முடியவில்லை.

எது நின்றது, எது விழுந்தது

ஊடுபரவிய எதிர்ப்புக்குச் சாலிசிலிக் அமிலம் தேவை என்ற மூல முடிவு நின்றது. சிட்-2 செடிகளும் அதையே சொன்னதால் நாஹ்-ஜி சான்றை நம்பியிருக்க வேண்டிய அவசியமே போய்விட்டது. ஒட்டுக்கட்டல் முடிவும் நின்றது. விழுந்தது, நாஹ்-ஜி செடியை மட்டும் வைத்து 'இதுவும் சாலிசிலிக் அமிலம் சார்ந்ததே' என்று முத்திரை குத்திய முடிவுகள். அவற்றை ஒவ்வொன்றாக மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

என் கணிப்பில், 1993 குழுவைக் குறை சொல்ல இடமில்லை. மாற்று இல்லாத காலத்தில் கிடைத்ததை வைத்து, கட்டுப்பாட்டுச் சோதனையும் செய்து, கேட்ட கேள்விக்குச் சரியான விடை கண்டார்கள். 1999 க்குப் பிறகும், சிட்-2 கையில் இருந்தும், பழக்க தோஷத்தில் நாஹ்-ஜியை மட்டும் நம்பியவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

செடி தானே அதை என்ன செய்கிறது

சாலிசிலிக் அமிலம் அதிகமானால் செடிக்கே ஆபத்து. வளர்ச்சி குன்றும், இலை சீக்கிரம் முதுமை அடையும். அதனால் அதை அடக்கி வைக்கச் செடியிடமே பல நொதிகள் உண்டு. ஆனால் இங்கே சொல்லப்போகும் மூன்று வழிகளில் எதுவும் நாஹ்-ஜி போலக் கார்பாக்சிலைக் கழற்றிக் கேட்டகாலைக் கொட்டுவதில்லை.

பெரும்பகுதி குளுக்கோஸோடு இணைக்கப்பட்டு நுண்குமிழியில் சேமிக்கப்படும். தேவைப்பட்டால் மறுபடி பிரித்தெடுத்துக்கொள்ளலாம். இன்னொரு பகுதி மெத்தில் சாலிசிலேட்டாகும். மூட்டுவலித் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் வாசனை அதுதான். அது எளிதில் ஆவியாகும், சவ்வுகளையும் கடக்கும். புகையிலையில் சாலிசிலிக் அமிலத்தைப் பிடிக்கும் இன்னொரு புரதம், மெத்தில் சாலிசிலேட்டை மறுபடி சாலிசிலிக் அமிலமாக உடைக்கும் நொதி என்று 2005 இல் தெரியவந்தது. இதில் ஒரு நேர்த்தி உண்டு: சாலிசிலிக் அமிலமே அந்த நொதியில் உட்கார்ந்து அதைத் தடுக்கும். நோய்ப்பட்ட இலையில் அமிலம் நிறைந்திருப்பதால் நொதி அடங்கியிருக்கும், மெத்தில் வடிவம் சேர்ந்து வெளியே போகும். தூர இலையில் அமிலம் குறைவு. நொதி விழித்திருக்கும், வந்ததை அமிலமாக மாற்றும். ஒட்டுக்கட்டல் சோதனையில் மேல் இலையில் அமிலம் வேண்டும் என்று கண்டதோடு இது பொருந்துகிறது. புகையிலைக்கு 2007 இல் இதற்கு நல்ல சான்று வந்தது. எல்லாச் செடிக்கும் இதுவே தூதர் என்று சொல்லிவிட முடியாது. அரபிடாப்சிஸில் என்-ஹைட்ராக்சி பிப்பகோலிக் அமிலம் என்ற வேறொரு சேர்மத்தின் பங்கு பெரிது.

மூன்றாவது வழி, நாஹ்-ஜியோடு நேரே ஒப்பிட வேண்டியது. செடியின் சொந்த ஹைட்ராக்சிலேஸ்கள் இரண்டு அரபிடாப்சிஸில் கண்டறியப்பட்டன: 2013 இல் எஸ்3எச், 2017 இல் எஸ்5எச். இவை கார்பாக்சிலை விட்டுவிட்டு, வளையத்தின் வேறு இடத்தில் ஹைட்ராக்சில் சேர்ப்பவை. எஸ்5எச் முன்பே டிஎம்ஆர்6 என்ற பெயரில் தெரிந்திருந்தது. அது முடங்கினால் செடிக்கு நோய் எதிர்ப்பு கூடும் என்பதும் தெரியும். தக்காளியில் இதன் இணை மரபணுவைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் முடக்கியபோது பலவகைக் கிருமிகளுக்கு எதிர்ப்பு கிடைத்ததாக 2021 இல் வெளியானது. வெளியிலிருந்து அழிக்கும் நொதியைப் புகுத்திய இடத்தில் தொடங்கிய ஆராய்ச்சி, உள்ளே இருக்கும் அழிக்கும் நொதியை நீக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது.

மறுபடி செய்தால்

இன்று இதே சோதனையை வடிவமைப்பவர் நான்கு வகைச் செடியையாவது பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்: சாதாரணம், நாஹ்-ஜி, சிட்-2, சிட்-2 இலேயே நாஹ்-ஜி சேர்ந்தது. கடைசி வகைக்கு ஒரு காரணம் உண்டு. அமில உற்பத்தி ஏற்கெனவே நின்ற செடியில் நாஹ்-ஜியைச் சேர்த்த பிறகும் ஏதாவது மாறினால், அந்த மாற்றத்தை அமில இழப்பின் கணக்கில் எழுத முடியாது. சாதாரணச் செடிக்குக் கேட்டகால் கொடுத்துப் பார்ப்பதும் நாஹ்-ஜி செடிக்குக் கேட்டலேஸ் கொடுத்துப் பார்ப்பதும் தனிச் சோதனைகள். சாலிசிலிக் அமிலம் குறைந்ததா என்று மட்டும் அளந்து நிறுத்தாமல், கேட்டகாலும் குளுக்கோஸ் இணைப்பும் எவ்வளவு என்றும் அளப்பார்.

சிட்-2 போன்ற செடி இல்லாத பயிர்களில் நாஹ்-ஜி இன்றும் ஒரே கருவியாக இருக்கக்கூடும். நெல்லில் இன்னும் கவனம் வேண்டும்: நெல் இலையில் நோய் இல்லாதபோதே சாலிசிலிக் அமிலம் மிக அதிகம், ஆகவே நாஹ்-ஜி அங்கே எந்நேரமும் கேட்டகாலை உண்டாக்கிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். நாஹ்-ஜி நெல்லில் பெராக்சைடு கூடியிருப்பது 2004 இல் பதிவானது. அதில் அமிலம் குறைந்ததன் பங்கு எவ்வளவு, கேட்டகாலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் படிக்கக் கூடாது.

கிருமிகளும் இதே வித்தையைக் கையாள்கின்றன. நாரத்தை, ஆரஞ்சு வகை மரங்களைப் பாழாக்கும் கிரீனிங் நோயின் பாக்டீரியாவிடம் சாலிசிலிக் அமிலத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சிலேஸ் நொதி இருப்பதாக 2017 இல் வெளியானது. அது மரத்தின் எதிர்ப்பை அடக்குவது அமிலத்தை அழிப்பதால் மட்டும்தானா, சிதைந்து வரும் பொருளுக்கும் அதில் பங்கு உண்டா என்று அங்கேயும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.